ஒரு அங்குலம் ஒரு நூல்

14.3.1983, திங்கள். அருப்புக்கோட்டை

இன்றைக்கு அரை முழம்கூட நெய்யவில்லை. காரணம் இருக்கிறது.

மத்தியானம் பரமக்குடிக்காரர் ஒருவர் வந்தார். துபாயில் மாரிச்சாமி மாமாவோடு ஒரே ரூமில் இருக்கிறவராம், லீவில் வந்திருக்கிறார். மாமா கொடுத்தனுப்பியது என்று ரெண்டு சோப்பு, ஒரு தலைவலித் தைலம், ஒரு கேசட் எடுத்து வைத்தார். சோப்பும் தைலமும் அம்மாவுக்கு. கேசட் அண்ணனுக்கு. “வெள்ளைக்காரன் ஒருத்தன் டிரம் அடிக்கிறான், மாப்ளைக்குப் புடிக்கும்னு சொல்லச் சொன்னாரு” என்றார். எனக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடவே போனேன். அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை.

அண்ணன் கமுதிப் பக்கம் கச்சேரிக்குப் போயிருக்கிறான், வியாழக்கிழமைதான் வருவான். பகலில் தறி, கூப்பிட்ட ஊரில் டிரம்ஸ் என்று ரெண்டு பிழைப்பு அவனுக்கு. இன்பராஜ் என்று பெயர் வைத்தார்கள். அவன் சாமானை இன்னொருத்தர் தொட்டால் அந்தப் பெயர் நினைவுக்கே வராது. “அவன் வந்து போட்டுக் கேக்கட்டும், நீ தொடாத” என்று அம்மா நாலு தடவை சொல்லிவிட்டாள்.

தொடவில்லை.

நாளைக்குக் காலையில் அம்மா நூல் வாங்க சொசைட்டிக்குப் போகிறாள்.

15.3.1983, செவ்வாய்

தொட்டேன்.

அம்மா தெருமுனை திரும்பியதும் டேப் ரிக்கார்டரில் போட்டேன். முதலில் கிடார், அப்புறம் ஒருவன் தொண்டை கிழியப் பாடினான். பிறகு எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள டிரம் மட்டும் தனியாக. கல்யாண வீட்டில் பாத்திர மூட்டை அவிழ்ந்து மாடிப்படியில் உருள்வது மாதிரி. ஆனால் உருளும் பாத்திரத்துக்குத் தாளம் இருக்காது, இதற்கு இருந்தது. நான் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தேன், கால் தானாக மிதித்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு தாழ்ந்தது. டிரம் விக்கியது, அப்புறம் ‘கறக் கறக்’. திறந்தால் உள்ளே நாடா சிக்கிக் கிடக்கிறது. இழுத்தேன். அதுதான் தப்பு. அறுந்தே போனது, அறுந்த இடம் கசங்கி ஒன்றுக்கும் ஆகாது.

உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தேன். அம்மா வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அழ நேரமில்லை.

தறியில் பூட்டிய பாவில் ஒரு இழை அறுந்தால் ரெண்டு முனையையும் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் அந்த இழை மட்டும் விறைத்துக்கொள்ளும், சேலையில் கோடு விழும். போன அளவுக்கு ஒட்டு வைத்துத்தான் கட்ட வேண்டும், முடிச்சுக்கென்று கொஞ்சம் கூடவும் விட வேண்டும். எட்டு வயதிலிருந்து செய்கிற வேலை. ஆகவே கேசட்டையும் அப்படியே செய்தேன். தையல் மிஷின் திருப்புளியால் ஐந்து திருகாணியையும் கழற்றினேன். கசங்கினதை பிளேடால் நேராக வெட்டி எடுத்து அளந்தேன், சரியாக ஒரு அங்குலம். முடிச்சுக்கு எட்டில் ஒரு பங்கு, ஆசாரிமார் ஒரு நூல் என்பார்களே, அது. எதிர்வீட்டுப் பிள்ளை புத்தகத்துக்கு அட்டை போட வைத்திருந்த செல்லோ டேப்பை வாங்கி, ஒரு அங்குலம் ஒரு நூல் இடம் விட்டு, முன்னும் பின்னும் ஒட்டி, ஓரத்தைச் சீவி, பென்சிலால் சுற்றி மூடினேன். முடிச்சே இல்லாத ஒட்டுக்கு முடிச்சுக்கான இடம் எதற்கு என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. பழக்க தோஷம்.

போட்டுப் பார்த்தேன். டிரம் உருண்டு உருண்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் — ஒன்றுமே இல்லை. ஆள் செத்துவிட்ட மாதிரி. அப்புறம் ‘டம்’ என்று பெரிய அடி. பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

சரி, அடுத்த பக்கம் என்ன கதி என்று திருப்பிப் போட்டேன். அதில் பாட்டு இல்லை. மாமா! மாமாவே பேசுகிறார், கடுதாசி மாதிரி. “அக்கா, நல்லாருக்கியா? இங்க வெயிலு நம்மூரு மாதிரித்தேன், என்ன, வேப்பமரந்தேன் இல்ல.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில், “நம்ம செல்விக்கு நல்லதா ஒரு —— வாங்கி வச்சிருக்கேன், வரும்போது கொண்டாரேன்.”

இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நாடா ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

என்ன வாங்கி வச்சிருக்கீக மாமா? ஏழு தடவை போட்டுக் கேட்டேன். ஏழு தடவையும் என் ஒட்டு அந்த ஒரு வார்த்தையை முழுங்கியது.

17.3.1983, வியாழன்

அண்ணன் வந்தான். கேசட்டைப் போட்டுக் கேட்டான். நான் அடுப்படியில் நின்று, ஓடுவதற்குப் புழக்கடைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. நின்றது. ‘டம்.’ அண்ணன் டேப்பை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான். மறுபடி. மறுபடி. பதினோரு தடவை எண்ணினேன்.

“ஏ செல்வி! இங்க வாடி!”

போனேன், எதற்கும் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.

“கேட்டியாடி? நிக்கிறாம்பாரு! அம்புட்டு வேகத்துல வந்துட்டு, அப்பிடியே நிக்கிறாம்பாரு! அடிக்க எவனுக்கும் தெரியும்டி. அடிக்காம இருக்கத் தெரியணும். இந்தத் தொரைக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவன் கண்ணில் தண்ணீர். சத்தியமாகத் தண்ணீர்.

கேசட் உறையில் ஒரு எழுத்துக்கூட இல்லை, டிரம் அடிக்கிறவன் யார், எந்த ஊர், தெரியாது. துரை என்றே பெயராகிவிட்டது. இந்த நேரத்தில் போய் அது நான் ஒட்டின செல்லோ டேப்பு என்று எப்படிச் சொல்ல? நாளைக்குச் சொல்கிறேன்.

18.3.1983

சொல்லவில்லை.

27.3.1983, ஞாயிறு

அடுத்த பக்கத்தில் மாமா பேசியிருக்கிறார் என்று நானே கண்டுபிடித்த மாதிரிக் காட்டினேன். அம்மா அழுதுகொண்டே கேட்டாள். வார்த்தை விழுந்துபோன இடத்தில் மூக்கைச் சிந்துவதை நிறுத்தி, “என்னது வாங்கி வச்சிருக்கானாம்?” என்றாள்.

சேலையாகத்தான் இருக்கும் என்கிறாள் அம்மா. குடை என்கிறான் அண்ணன், எனக்குக் குடை போதுமாம். செயின் என்பது என் கட்சி. எழுதிக் கேட்டால் என்ன என்றேன். “வாங்கித் தாரேங்கிறவன்கிட்ட என்னதுன்னு எழுதிக் கேப்பாகளா? மானம் போயிரும்” என்று அம்மா அடைத்துவிட்டாள்.

செய்த பாவத்துக்குத் தண்டனை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை.

8.4.1983, வெள்ளி

நேற்று எம்.ரெட்டியபட்டியில் பங்குனிப் பொங்கல் கச்சேரி. நானும் அம்மாவும் பஸ்ஸில் போயிருந்தோம்.

அண்ணன் இதுவரை அடித்தது தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை. விட்ட இடமே இருக்காது. பாடுகிறவர்கள் பாவம், இடுக்கில் நுழைந்து பாடிவிட்டு வர வேண்டும். கால் மட்டும் அப்போதே நல்ல கால். தறிக்குழியில் பன்னிரண்டு வருசம் மிதித்த கால். வலது ஒன்று செய்யும், இடது இன்னொன்று செய்யும், கைக்கு ரெண்டு பேர் சங்கதியும் தெரியாது. பெரிய டிரம்முக்கு மிதியே தறி மிதியை அறுத்துச் செய்ததுதான்.

நேற்று ஆளே மாறிப்போனான். கையைக் குறைத்துவிட்டான். பாடுகிறவன் மூச்சு விட்டால் இவனும் விட்டான். கடைசிப் பாட்டில் சின்ன டிரம்மில் உருட்டத் தொடங்கி, பெரியதுக்கு இறங்கி, மறுபடி ஏறி, கூட்டம் கழுத்தை நீட்ட, கம்பு ரெண்டையும் தலைக்கு மேலே தூக்கி — நின்றான்.

கீபோர்டு கிறிஸ்டோவுக்கு இது தெரியாது. பாலவனத்தத்துக்காரன், சர்ச்சில் வாசித்துப் பழகியவன், ஒழுங்கானவன். அந்த அமைதியில் அவன் கீபோர்டு மட்டும் ‘ப்பீங்’ என்றது. அடுத்த நொடி அண்ணன் ‘டம்’.

மேடைக்குப் பின்னால் சண்டை. “ஏலே, கையில கம்பு வழுக்கிருச்சோன்னு பாத்தா, தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிற! சொல்லிட்டுச் செய்யக் கூடாதாலே?”

“தொரை சொல்லிட்டா செஞ்சாரு?”

ஆனால் கூட்டம் ‘இன்னொருக்கா’ என்று கத்தியது. ரெண்டாம் தடவை அந்த இடத்தில் ஒரு பெரியவர் “ஏய்!” என்றார். மூன்றாம் தடவை பாதி ஊரே “ஏய்!”

நானும் கத்தினேன். என் ஒட்டு அல்லவா.

22.8.1984, புதன்

காரியாபட்டிக் குழுவில் மணிகண்டன் என்று ஒருவன் டிரம்ஸ். அவனும் நின்று அடிக்கிறானாம். ‘இன்பராஜ் ஸ்டாப்பு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது, பஸ் நிற்கிற இடம் மாதிரி. அண்ணனுக்குக் கோபம் பாதி, பெருமை பாதி. நேற்று பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தோடு நின்று கேட்டுவிட்டு வந்தான்.

“எப்பிடி?”

“நிக்கிறான். ஆனா ஒரு நூல் கொறையுது.”

ஒரு நூல் என்று எப்படிச் சொன்னான்? அப்புறம் யோசித்தேன், நெய்கிறவன் வாயில் நூல்தான் வரும், வேறென்ன வரும்.

இன்றைக்காவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். மணிகண்டனைத் திட்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா போனதற்கு அப்புறம் அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

30.8.1985, வெள்ளி

திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சங்கையா, திருச்சுழியில் சைக்கிள் கடை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி, “டிரம்ஸ் இன்பராஜோட தங்கச்சியா?” சம்மதம் என்று சொன்னது என்னையா அண்ணனையா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஒரு பொய்யோடு புகுந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று காலையில் ஆரம்பித்தேன்.

“அண்ணே, அந்தக் கேசட்டு...”

“தர மாட்டேன். சீருக்கு வேற எது வேணும்னாலும் கேளு.”

“அதில்லண்ணே, அதுல ஒண்ணு...”

“கல்யாணப் பொண்ணு வாய மூடிக்கிட்டு இருக்கணும். போ.”

மூடிக்கொண்டேன்.

26.1.1988, செவ்வாய். திருச்சுழி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பிரவீணா பொறுப்பு.

பள்ளிக்கூடத்தில் குடியரசு தின அணிவகுப்பு. டிரம் அடித்த பையன் நன்றாகத்தான் அடித்து வந்தான். கொடிக்கம்பத்தை நெருங்கவும் அவனுக்குள் என்ன புகுந்ததோ, உருட்டினான், கம்பைத் தூக்கினான், நின்றான். அறுபது பிள்ளைகளும் இடது காலைத் தூக்கினபடி அந்தரத்தில். பாதிப் பேர் இறக்கினார்கள், பாதிப் பேர் இறக்கவில்லை, முன் வரிசைமேல் பின் வரிசை. மேடையில் சல்யூட் அடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர், கை நெற்றியில் இருக்க, வாய் மட்டும் “ஏய்!”

இவுக, பிரவீணா அப்பா, சைக்கிள் கடைக்காரர்களோடு நின்று விசிலே அடித்துவிட்டார்.

போன மாதம் கிறிஸ்டோவின் தங்கச்சி ஜாய்ஸ் வந்தபோது சொன்னாள், பாலவனத்தத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கைதட்டும்போதுகூட எல்லாரும் ஒரு இடத்தில் நின்று தட்டுகிறார்களாம். சர்ச் ஐயரவர்கள் இது எந்த சபையின் வழக்கம் என்று கேட்டாராம்.

செல்லோ டேப்பு சபை என்று சொல்லத் துடித்தது நாக்கு.

5.6.1992, வெள்ளி

மாமா வந்துவிட்டார்! பத்து வருசம் கழித்து, முடி பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரெண்டு செய்தி. ரெண்டும் நல்லதில்லை.

ஒன்று. மாமாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், “மாமா, அந்தக் கேசட்டுல எனக்கு என்னமோ வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னீகளே?”

“வாட்ச்சு. தங்கக் கலர் பட்டை, அம்புட்டு அழகு. நீங்க ஒருத்தரும் அதப்பத்தி ஒரு வரி எழுதலையா, சரி, புடிக்கல போலன்னு பரமக்குடிக்காரரு மகளுக்குக் குடுத்துட்டேன்.”

ஒன்பது வருசம். சேலை, குடை, செயின். வாட்ச்சு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

ரெண்டு. மாமா அண்ணனுக்கென்று துரையின் அதே கேசட்டைக் கடையிலேயே வாங்கி வந்திருக்கிறார். புத்தம் புதுசு, அட்டைப் படத்தோடு. படத்தில் நாலு தாடிக்காரர்கள், எவர் துரை என்று தெரியவில்லை.

இதில் ஒட்டு கிடையாது. துரை நிற்க மாட்டார்.

அண்ணன் இன்னும் கேட்கவில்லையாம். “சாவகாசமாக் கேட்டுக்குவோம்” என்று பரண்மேல் வைத்துவிட்டான். அம்மா அசந்த நேரம் அதைக் கம்பு தானியப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு முப்பது வயது, ஒரு பிள்ளைக்குத் தாய். இந்த வயதில் இந்த வேலை.

9.6.1992, செவ்வாய்

கம்பங்கூழ் காய்ச்சப் பானையைத் திறந்து அம்மா கேசட்டைக் கண்டுபிடித்துவிட்டாளாம். எலியின் வேலை என்று முடிவாகியிருக்கிறது.

இவுக டவுனில் கேட்டுவந்த விசயம் அதைவிட மோசம். கிறிஸ்டோ ரிதம் மிஷின் வாங்கியிருக்கிறான். பட்டனை அமுக்கினால் அதுவே டிரம் அடிக்கும். மிஷினுக்கு வேனில் இடம் வேண்டாம், சோறு வேண்டாம், கோபமும் வராது. அண்ணனை இனிமேல் பெரிய கச்சேரிக்கு மட்டும் கூப்பிட்டால் போதும் என்று குழுவில் பேச்சு. போன வாரம் காரியாபட்டியில் மிஷினை வைத்தே வாசித்தார்களாம். மிஷினும் ஸ்டாப்பு அடித்ததாம், கச்சிதமாக ஒரே ஒரு தாள அடி நேரத்துக்கு. ஆனால் ஜனம் “ஏய்” என்று முடிப்பதற்குள் அது ‘டம்’ என்றுவிட்டது. சத்தமும் அடியும் மோதிக் குளறுபடி.

“ஒரு நூல் கொறையுதுலே” என்றிருக்கிறான் அண்ணன் கிறிஸ்டோவிடம்.

“ஒரு அடின்னா ஒரு அடிதாம்லே. நீதான் சோம்பேறித்தனமா இழுக்குற. ஒங்க மாமா ஒரிஜினல் கொண்டாந்திருக்காகள்ல? எல்லாருக்கும் முன்னால போட்டுக் கேட்டுருவோம். தொரை ஒரே அடிக்குத்தான் நிக்கிறாருன்னா மிஷினு. கூட நிக்கிறாருன்னா நீ.”

அண்ணன் சரி என்றுவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்டோ வீட்டில்.

துரை ஒன்றுக்கும் நிற்க மாட்டாரே! எல்லார் முன்னாலும் அண்ணன் தலை குனியப் போகிறது. அவன் உட்காருகிற ஸ்டூலே போகப் போகிறது. ஒன்பது வருசத்துக்கு முந்தி ரெண்டு அறை வாங்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பயந்தாங்கொள்ளி நான். பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி.

13.6.1992, சனி. அருப்புக்கோட்டை

இன்று முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் டிரம் மிதிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். “அண்ணே, பழைய கேசட்டக் கொஞ்சம் குடு” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நூல் சுற்றி வருகிற தாளில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். நான் தையல் மிஷின் திருப்புளியை எடுத்தேன். வாயால் சொல்ல வராது, பிரித்துக் காட்டிவிடலாம் என்று எண்ணம். அஞ்சு திருகாணியும் லேசாகக் கழன்றன. நாடாவைப் பென்சிலால் நகர்த்திக்கொண்டே போனேன்.

ஒட்டு வந்தது. கை நின்றுவிட்டது.

செல்லோ டேப்பு ரெண்டு வருசத்தில் மஞ்சளாகிவிடும், பிசின் கக்கும். ஒன்பது வருச ஒட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது பளிச்சென்று கண்ணாடி மாதிரி. அதோடு நான் நாடாவை நேராக வெட்டியிருந்தேன். இதில் ரெண்டு முனையும் சாய்வாக, பிசிறு இல்லாமல், வேறொரு கை. இடைவெளியை விரலால் அளந்தேன். ஒரு அங்குலம் ஒரு நூல்.

நிமிர்ந்தால் அண்ணன் சிரிக்கிறான்.

“ஒன் ஒட்டு ஒரு கோடைகூடத் தாங்கலடி. அடுத்த சித்திரையிலயே உருகி ஒழுகிருச்சு. நான் மாத்தி ஒட்டுனது நாலு தடவை.”

“அப்ப... அப்ப அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும். அன்னைக்கு ராத்திரியே பிரிச்சுப் பாத்துட்டேன்.”

“ஏண்ணே சொல்லல? ஒம்போது வருசம்ணே! நான் எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா?”

“சொல்லியிருந்தா, சரியா ஒட்டித் தாரேன்னு நீ மறுபடி திருப்புளியத் தூக்கியிருப்ப. எனக்கு அந்த எடம் போயிருக்கும்.”

எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது. “நாளைக்கு அம்புட்டுப் பேரு முன்னால தொரை நிக்க மாட்டாரேண்ணே, நீ என்ன செய்வ?” என்று கத்தினேன்.

அவன் மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். மிதியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்:

“அந்த மனுசன் அந்தப் பாட்டுல ஆயிரம் அடி அடிக்கிறாருடி. அதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் புடிச்சது நீ அடிச்ச ஒண்ணுதான்.”

அப்புறம் நான் அழுதேன். அம்மா வந்து எலி கடித்துவிட்டதா என்று கேட்டாள்.

14.6.1992, ஞாயிறு

பாலவனத்தத்திலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன்.

கிறிஸ்டோ வீட்டில் குழு முழுக்க இருந்தது. நான், மாமா, ஜாய்ஸ். மேசைமேல் மிஷின், பக்கத்தில் டேப் ரிக்கார்டர். அண்ணன் மாப்பிள்ளை மாதிரி சட்டை தேய்த்துப் போட்டு வந்திருந்தான். கிறிஸ்டோ புதுக் கேசட்டைப் போட்டான்.

டிரம் தொடங்கியது. உருண்டது. இறங்கியது, ஏறியது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அந்த இடம் வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் —

“ஏய்!”

துரை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். கிறிஸ்டோ டேப்பை நிறுத்தினான். “என்னலே இது? நிக்கவே இல்ல?”

“ஆமா” என்றான் அண்ணன். “தொரை நிக்க மாட்டாரு. நிப்பாட்டுனது இவ.”

எல்லாத்தையும் சொன்னான். தறி, செல்லோ டேப்பு, திருப்புளி, எல்லாம். எனக்குத் தரை பிளந்தால் தேவலாம் போலிருந்தது. கிறிஸ்டோ நாற்காலியிலிருந்து வழுகித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். மாமாதான், “அப்ப என் வாட்ச்ச முழுங்குனதும் இவதானா?” என்று வெகுநேரம் புலம்பினார்.

சிரித்து முடித்து கிறிஸ்டோ கேட்டான், “சரி தங்கச்சி, கணக்குச் சொல்லு. எம்புட்டு?”

“ஒரு அங்குலம் ஒரு நூலுண்ணே.”

“அந்த ஒரு நூலு எதுக்கு?”

“முடிச்சுக்கு.”

ஜாய்ஸ் காப்பி போட்டு முடிக்கிற வரைக்கும் அவன் மிஷினோடு மல்லாடினான். அரை அடி கூட்டினால் அதிகம், கால் அடி கூட்டினாலும் ஜனம் “ஏய்” சொல்லி முடித்துக் காத்துக் கிடக்கும்போலிருக்கிறது. அதற்குக் கீழே மிஷினில் கணக்கில்லை. கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டு, “இதுக்கு நெசவு தெரியலலே” என்றான் அண்ணனிடம். “வெள்ளிக்கெழம கல்லூரணிக் கச்சேரி. நேரத்துக்கு வந்து சேரு. ஸ்டூலக் கொண்டாந்துரு.”

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான்.

21.4.1996, ஞாயிறு. திருச்சுழி

நேற்று ராத்திரி கோயில் திருவிழாக் கச்சேரிக்குச் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. முன்பின் பார்த்திராத முகங்கள். டிரம் அடித்தவனுக்கு இருபது இருக்கும். கடைசிப் பாட்டில் உருட்டினான், கம்பைத் தூக்கினான், நின்றான். ஊர் மொத்தமும் “ஏய்!” பிரவீணாவும் இவுகளும் எனக்கு ரெண்டு காதிலும் ஆளுக்கொரு பக்கம்.

நான் வாட்ச்சைப் பார்த்தேன். பிரவீணாவுக்குக் காது குத்தின அன்றைக்கு அண்ணன் வாங்கிக் கட்டிவிட்டது, தங்கக் கலர் பட்டை. அரை வினாடிக்குக் கொஞ்சம் கூட. சரியாகத்தான் இருக்கிறது.

கச்சேரி முடிந்து அந்தப் பையனிடம் போய், இது யாரிடம் படித்தது என்று கேட்டேன்.

“எதுக்கா? நிப்பாட்டி அடிக்கிறதா? இது எல்லாரும் அடிக்கிறதுதானக்கா” என்றான்.

“நல்லா அடிக்கிறப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேசட் இப்போது என் பெட்டியில். பொங்கலுக்கு அண்ணன் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான். இன்று மத்தியானம் பிரித்துப் பார்த்தேன், ஒட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. புதுசாக வெட்டி, ஒரு அங்குலம் ஒரு நூல் அளந்து, முன்னும் பின்னும் ஒட்டினேன். இந்தத் தடவை அண்ணன் மாதிரி சாய்வாக வெட்டினேன். அதுதான் நன்றாகப் பிடிக்கிறது.